கரும்பலகையும் கடிதமும்: இயற்பியல் ஆய்வுப் படிப்புக்கு இரண்டு வாசல்கள்

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் திராட்சையும் விளையும் ஊர் அனுமந்தன்பட்டி. இங்கே இயற்பியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கல்லூரி தூரத்தில் இல்லை. 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி உத்தமபாளையத்திலேயே இருக்கிறது. போடிநாயக்கனூரில் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது. முதுநிலைக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பல்கலை நகர் வளாகம்வரை போனால் போதும். அதுவரை வழி தெரியும், பஸ் தெரியும், முன்னால் படித்த அண்ணன்களும் அக்காக்களும் உண்டு. எம்.எஸ்ஸி. முடித்த பிறகுதான் வழி மங்குகிறது. வீட்டில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அடுத்து பி.எட்.டா?"

பி.எட். நல்ல வழிதான். ஆனால் ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு வேறு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, தேர்வு எழுதி இந்தியப் பல்கலைக்கழகத் துறையிலோ ஆய்வு நிறுவனத்திலோ பிஎச்.டி. சேர்வது. மற்றொன்று, விண்ணப்பக் கோப்பு அனுப்பி அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் சேர்வது. இரண்டையும் தகுதி, தேர்வுமுறை, பணம், காலம், மொழி, முதல் ஆண்டு ஆகிய ஆறு நிலைகளில் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. எது உயர்ந்தது என்பது இங்கே கேள்வி இல்லை. எந்த வாசல் எதைக் கேட்கிறது, அதை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் எப்படித் தயார் செய்துகொள்வது என்பதே கேள்வி.

தகுதி

இந்தியாவில் பிஎச்.டி. சேர வழக்கமான தகுதி இரண்டாண்டு முதுநிலைப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவருக்கும் நேரடியாக வழிவிட்டன. அதே விதிகள்தான் எம்.பில். படிப்புக்கு முடிவு கட்டின. நம் பகுதிக் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்ஸி.தான் வழக்கம் என்பதால், இங்குள்ள மாணவருக்கு முதுநிலை தவிர்க்க முடியாதது. இளநிலை முடித்ததும் தாவ விரும்புகிறவருக்கு ஒருங்கிணைந்த பிஎச்.டி. உண்டு. 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு வழியாகப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும், ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் சிலவும் அதற்கு ஆள் எடுக்கின்றன.

அமெரிக்காவில் முதுநிலை கட்டாயம் இல்லை. நான்காண்டு இளநிலை முடித்தவர் நேரே பிஎச்.டி.யில் சேர்கிறார். ஆனால் பல துறைகள் மொத்தம் 16 ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கின்றன. பள்ளியில் 12, கல்லூரியில் 3 என்று படித்தவருக்கு ஓர் ஆண்டு குறைகிறது. ஆகவே நம் மாணவர் இங்கும் எம்.எஸ்ஸி.யோடு போவதே பாதுகாப்பு. தகுதியைப் பொறுத்தவரை இரண்டு வாசலும் ஏறக்குறைய ஒரே படியில்தான் தொடங்குகின்றன. பிரிவது அதற்குப் பிறகு.

தேர்வும் கோப்பும்

இந்திய வாசலில் முதலில் நிற்பது கேள்வித்தாள். நெட், கேட், ஜெஸ்ட், டி.ஐ.எஃப்.ஆர். எனப்படும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு என்று நான்கு பெயர்கள் மாணவர் வாயில் எப்போதும் புழங்கும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் இயற்பியல் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு, ஆண்டுக்கு இரண்டு முறை. கேட் மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகள், 100 மதிப்பெண். ஜெஸ்ட் இயற்பியல் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் தேர்வு. சென்னை தரமணியில் 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனமும், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் அதன்வழி மாணவரைச் சேர்க்கின்றன. பல்கலைக்கழகங்களிலும் நெட்டின் எடை கூடியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் அறிவித்த முறைப்படி, உதவித்தொகைத் தகுதி பெறாமல் பிஎச்.டி.க்கு மட்டும் தேறியவருக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதமும் நேர்காணல் 30 சதவீதமும் கணக்கில் வரும்.

இந்தத் தேர்வுகளில் நம் மாணவர் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல, பழக்கத்தால். செமஸ்டர் தேர்வு நிறுவச் சொல்கிறது: ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்களை வருவி, மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து அலைச் சமன்பாட்டைப் பெறு. மனப்பாடம் செய்தவரும் மூன்று பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். நெட்டும் ஜெஸ்ட்டும் அந்த முடிவைக் கையில் கொடுத்து, அதை ஒரு புதிய இடத்தில் பயன்படுத்தச் சொல்கின்றன. பரிமாணத்தைப் பார்த்தோ, எல்லை நிலையில் சோதித்தோ இரண்டு நிமிடத்தில் தவறான விடைகளைக் கழிக்கத் தெரிய வேண்டும். வருவித்தலும் தீர்த்தலும் வேறு வேறு பயிற்சிகள். முதல் செமஸ்டரிலிருந்தே கோல்ட்ஸ்டைன், கிரிஃபித்ஸ் நூல்களின் பயிற்சிக் கணக்குகளைப் போட்டவருக்குத் தேர்வுப் பயிற்சி மையம் அதிகம் தேவைப்படாது.

கேள்வித்தாளைக் கடந்தால் கரும்பலகை. நேர்காணலில் மூன்று நான்கு பேராசிரியர்கள் உட்கார்ந்து, "எந்தப் பாடம் உங்களுக்கு நன்றாக வரும்?" என்று தொடங்கி, சாக்பீஸைக் கையில் கொடுப்பார்கள். கேட்பது பெரும்பாலும் அடிப்படை: எளிய அலையியற்றி, பெட்டிக்குள் துகள், கெப்ளர் கணக்கு. பாதியில் நின்றால் ஒரு குறிப்புத் தருவார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆக, இந்திய வாசல் கேட்கும் கேள்வி ஒன்றே: உன்னால் கணக்குத் தீர்க்க முடியுமா?

அமெரிக்க வாசலில் யாரும் சாக்பீஸ் தருவதில்லை. அங்கே போவது ஒரு கோப்பு. மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். ஒருகாலத்தில் ஜி.ஆர்.ஈ. இயற்பியல் தேர்வு இதில் பெரிய இடம் பிடித்திருந்தது. 2020-க்குப் பிறகு பல துறைகள் அதை விருப்பத்துக்கு விட்டன, சில கைவிட்டன. தேர்வின் எடை குறையக் குறையக் கடிதத்தின் எடை ஏறியது. அதாவது அமெரிக்க வாசல் கேட்பது: நீ வேலை செய்வதை யார் பார்த்திருக்கிறார்கள்?

ஊரில் முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் கடினம். நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் எழுதப்படும் விதம் எல்லோருக்கும் தெரியும். மாணவரே தட்டச்சு செய்து கொண்டுபோவார், சார் கையெழுத்துப் போடுவார். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருபவர்" என்ற மூன்று வாக்கியங்கள் எல்லோருக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் உதவாது. படிக்கிற அமெரிக்கப் பேராசிரியருக்கு வேண்டியது வேறு. இந்த மாணவி எந்தச் சிக்கலை எடுத்தாள், எங்கே நின்றாள், நின்ற இடத்திலிருந்து எப்படி வெளியே வந்தாள்? இதை எழுத, எழுதுகிறவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு பழைய கதை இங்கே பொருந்தும். 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். பின்னாளில் பெயர்பெற்ற வானியற்பியலாளரான, அப்போது மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த எஸ். சந்திரசேகர் அவரைத் தேடிப்போய்ப் பார்த்தார். தான் படித்த அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்பது அந்தச் சந்திப்பில்தான் அவருக்குத் தெரிந்தது. சோமர்ஃபெல்ட் தந்த புதிய கட்டுரையைப் படித்து, அதிலிருந்த புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தித் தானே ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபவுலருக்கு அனுப்பினார். ஃபவுலர் வழியாக அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. 1930-இல் இந்திய அரசின் உதவித்தொகையோடு கப்பலேறிய சந்திரசேகர் அதே ஃபவுலரிடம்தான் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார், 1933-இல் பட்டம் பெற்றார். அவருக்காகப் பேசியது அவர் செய்த வேலை.

அதே தலைமுறையில் நம் பக்கத்து மலையடிவாரமான வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் வேறு வழியில் போனார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி என்று படித்து, 1920-இல் கல்கத்தாவுக்குச் சென்று, பிறகு சி.வி. ராமனுடன் சேர்ந்து உழைத்தார். 1928-இன் ராமன் விளைவில் அவர் பங்கு உலகம் அறிந்தது. ஆய்வுப் படிப்புக்காக ஒருவர் கடல் தாண்டினார், ஒருவர் தாண்டவில்லை. நல்ல இயற்பியலுக்கு இரண்டு வாசலும் போதுமானவையாக இருந்தன.

பணம்

இந்திய வாசலில் செலவு சிறியது. கேட் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 2,000 ரூபாய், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கும் அதில் பாதி. தேர்வு மையம் மதுரையில் கிடைத்தால் காலையில் பஸ் ஏறி இரவு வீடு திரும்பிவிடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் விண்ணப்பத்துக்கே 75 முதல் 125 டாலர்வரை கேட்கும். ஐந்து இடங்களுக்குப் போட்டால் 400, 500 டாலர் போய்விடும். ஆங்கிலத் தேர்வு, விசா, அமெரிக்க அரசுக்குக் கட்டும் 350 டாலர் மாணவர் பதிவுக் கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் தனி. திராட்சை விலை சரிந்த ஆண்டில் இந்தத் தொகை ஒரு வீட்டின் கணக்கையே மாற்றிவிடும். சில துறைகள் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

சேர்ந்த பிறகு கணக்கு மாறுகிறது. நெட்டில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் உதவித்தொகை மாதாமாதம் கைக்கு வராமல் இழுபடுவது இந்திய ஆய்வு மாணவர்களின் நெடுநாள் குறை. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர் நிலை இன்னும் கடினம். நிலையான உதவித்தொகை இன்றி, கௌரவ விரிவுரையாளராகப் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்கிறவர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு.

அமெரிக்க இயற்பியல் துறைகளில் பிஎச்.டி.க்கு வழக்கமாகக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆய்வக வகுப்பு எடுத்து, விடைத்தாள் திருத்தும் வேலைக்குச் சம்பளம் தருவார்கள். வகுப்பு நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாணவர் விசா அனுமதிக்காது. இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிச் சேரச் சொன்னால் அது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு, ஆய்வுப் படிப்பு இல்லை. பிஎச்.டி. விண்ணப்பத்துக்கு ஏஜென்சியும் தேவையில்லை, நிலத்தை அடகு வைக்கவும் தேவையில்லை.

காலம்

இரண்டு வாசலுக்கும் நாள்காட்டி ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. அமெரிக்க விண்ணப்பங்கள் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் முடிகின்றன. பதில் பிப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையோடு வந்த இடத்தை ஏற்பதா வேண்டாமா என்று சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் கூடி ஒப்புக்கொண்ட நாள் அது. அதற்குமுன் நெருக்கினால் அந்த நாளைச் சுட்டிக்காட்டலாம். இந்தியாவில் டிசம்பர் சுற்றில் நெட், பிப்ரவரியில் கேட், அதை ஒட்டி ஜெஸ்ட். நேர்காணல்கள் கோடையில். வகுப்பு இரு நாட்டிலும் ஆகஸ்ட்டில் தொடங்குகிறது.

எம்.எஸ்ஸி. மூன்றாம் செமஸ்டர் தேர்வும் இதே நவம்பர், டிசம்பரில்தான் வரும். அதனால் இரண்டாம் ஆண்டில் யோசிக்கத் தொடங்குகிறவருக்கு நேரம் இருக்காது. முதலாண்டுக் கோடைதான் உண்மையான தொடக்கம். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

அமெரிக்க வாசலில் இன்னொரு காலக் கணக்கும் உண்டு. அது மாணவர் கையில் இல்லை. 2025-இல் ஆராய்ச்சி நிதி வெட்டுகளால் அங்கே பல துறைகள் சேர்க்கையைக் குறைத்தன. அந்த மே இறுதியில் மாணவர் விசா நேர்காணலுக்கான புதிய முன்பதிவுகள் சில வாரங்கள் நின்றன. இடம் கிடைத்தும் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தேதிக்காகக் காத்திருக்க நேரலாம். இதைக் கணக்கில் கொள்ளாமல் அந்த ஒரே வாசலை நம்பி நிற்பது விவேகமில்லை.

மொழி

இரண்டு வாசலிலும் தமிழ் இல்லை. நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருகிறது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவருக்கு முதல் சுமை இயற்பியல் அல்ல, கேள்வியின் ஆங்கிலம். ஆனால் சுமையின் அளவு வேறு. இந்திய எழுத்துத் தேர்வில் படித்துப் புரிந்தால் போதும். நேர்காணலில் உடைந்த ஆங்கிலமும் ஓடும், சமன்பாடு சரியாக இருந்தால். அமெரிக்காவில் நோக்க அறிக்கையை எழுதிக்காட்ட வேண்டும். சேர்ந்த உடனே இருபது முப்பது மாணவருக்கு முன் நின்று ஆய்வக வகுப்பும் நடத்த வேண்டும். அதற்குப் பேச்சு ஆங்கிலத்தைத் தனியாகச் சோதிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. நெறியாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. "சார்" என்று பழகிய நாக்குக்கு அது படியக் கொஞ்சம் நாளாகும்.

முதல் ஆண்டு

இந்த ஒப்பீட்டின் முக்கியமான இடம் இதுதான். வாசலில் கேட்காததை இரண்டு பக்கமும் உள்ளே வந்தபின் கேட்கின்றன.

அமெரிக்கத் துறை கோப்பைப் பார்த்துச் சேர்த்தது. உள்ளே போனதும் முதல் இரண்டாண்டு பாட வகுப்புகள். ஜாக்ஸனின் மின்காந்தவியல், சகுராயின் குவாண்டம் இயக்கவியல், வாராவாரம் வீட்டுக் கணக்குகள். பிறகு பல துறைகளில் தகுதித் தேர்வு. தோற்றால் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேற வேண்டிவரும். நம் ஊர்த் தேர்வை அங்கே உள்ளே போய் எழுத வேண்டியிருக்கிறது.

இந்திய நிறுவனம் கணக்கைப் பார்த்துச் சேர்த்தது. உள்ளே போனதும் ஓர் ஆண்டு அளவில் பாட வகுப்பு. அதன்பின் நெறியாளரைத் தேர்ந்து, யாரும் விடை எழுதி வைக்காத கேள்வியோடு தனியாக உட்கார வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத் துறையில் வரிசையே வேறு. அங்கே முதலில் நெறியாளரிடம் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். பொருள் பிடித்ததா என்பதைவிட இடம் காலியா என்பது பல நேரம் முடிவு செய்துவிடுகிறது. தேர்வில் முதலிடம் பிடித்தவர் ஆய்வில் தேங்கி நிற்பதும், நடுத்தர மதிப்பெண் பெற்றவர் கட்டுரைகள் எழுதுவதும், தெரிந்த கணக்கைத் தீர்ப்பதும் விடையில்லாத கேள்வியோடு உட்காருவதும் வேறு வேறு என்பதால்தான் நடக்கிறது. அமெரிக்கா வாசலிலேயே கேட்ட "வேலை செய்வாயா?" என்ற கேள்வியை இந்தியா இங்கே கேட்கிறது.

இதற்கு நம் தாலுகாவிலேயே ஒரு சாட்சி உண்டு. உத்தமபாளையம் வட்டம் பொட்டிபுரத்து மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. விவசாயிகளும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள், மாநில அரசும் எதிர்த்தது, வழக்குகள் நடந்தன. மலை குடையப்படவில்லை. அந்தச் சண்டையின் நியாயங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அத்திட்டம் 2008 முதலே பிஎச்.டி. மாணவரைச் சேர்த்து, மும்பை டி.ஐ.எஃப்.ஆர். நிறுவனத்தில் பாட வகுப்பு நடத்தி, ஆய்வுக்கு அனுப்பியது. மலைக்குள் வரவேண்டிய 50,000 டன் கருவி வராததால் அவர்கள் படிப்பு நின்றுவிடவில்லை. கணினி மாதிரிகளிலும், மதுரையில் நிறுவிய 85 டன் சிறு மாதிரிக் கருவியிலும் தங்கள் கேள்விகளைத் திருத்திக்கொண்டு பட்டம் பெற்றார்கள். எதிர்பார்த்த கருவி வராதபோது கேள்வியை மாற்றத் தெரிவதை எந்த நுழைவுத் தேர்வும் அளப்பதில்லை.

முடிவாக

அனுமந்தன்பட்டியிலிருந்து கிளம்பும் மாணவருக்கு இந்திய வாசலே முதல் வாசலாக இருக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு. காரணம் தேசப்பற்று அல்ல. அந்த வாசல் தெரிந்தவர்களைக் கேட்பதில்லை, ஆங்கில நடையைக் கேட்பதில்லை, முன்பணம் அதிகம் கேட்பதில்லை. தோற்றால் அடுத்த முறை மறுபடி எழுத விடுகிறது. பேராசிரியர் தொடர்பு எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, குறைகள் பல இருந்தும், இதுதான் நேர்மையான வாசல். கடல் தாண்ட விரும்புகிறவர் பிஎச்.டி. முடித்த பிறகு முதுமுனைவர் ஆய்வுக்கும் தாண்டலாம். அப்போது கடிதம் எழுத ஆளும் இருக்கும், எழுதச் செய்தியும் இருக்கும்.

ஆனால் இந்திய வாசலின் தேர்வுக்காக மட்டும் தயாராவது பாதித் தயாரிப்பு. எம்.எஸ்ஸி. முதலாண்டில் ஒரு கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். கடைசி செமஸ்டர் புராஜெக்டை முன்னால் படித்தவரிடம் வாங்கி ஒப்பிக்காமல் நீங்களே செய்யுங்கள். உங்கள் துறையில் ஆய்வு செய்யும் ஓர் ஆசிரியரிடம் போய், "சார், உங்கள் ஆய்வில் எனக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள்" என்று கேளுங்கள். ஆசிரியர்களும் அப்படிக் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். கையெழுத்து மட்டும் போட்டுத் தருவதைவிட அது அவருக்கு நூறு மடங்கு பயன்படும்.